கட்டடச் சாரம் கட்டலும் நகர்த்தலும்: கேள்வி-பதில்

ஹட்டனில் 7 பேர்ச் காணி, ஒரு பக்கம் சரிவு. சாரத்தின் கீழ்ப்பக்கக் கால்களுக்குப் புளொக் கல் அடுக்கி உயர்த்தலாமா?

கூடாது. சுவரில் பாரம் கல் முழுக்கப் பரவும். ஒற்றைக் கால் ஏறினால் பாரமெல்லாம் ஒரே இடத்தில் குத்தி, கல் பிளந்துவிடும். மழையில் அடிமண் கரைந்தால் அடுக்கே வெளிப்பக்கம் சரியும். சரிவில் படி வெட்டுங்கள். கால் நிற்பது வெட்டிய கெட்டி மண்ணில் இருக்கட்டும், கொட்டி நிரப்பிய மண்ணில் வேண்டாம். படியில் 9 அங்குல அகலம், 2 அங்குலத் தடிப்பில் பலகை போட்டு அதன்மேல் கால்களை நிறுத்துங்கள். உயர வித்தியாசத்தை நீளமான கம்பால் சரிசெய்யலாம். இரும்புப் பிரேமென்றால் காலடியில் திருகி உயர்த்தும் ஜாக் இருக்கிறது. படிக்கு மேலே சின்னக் கானொன்று வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

ஒரு சுவருக்கு மூன்று தடவை மேடையை உயர்த்துகிறோம். அரைநாள் அதிலேயே போகிறது.

கட்டுமுன் வரிசையை எண்ணுங்கள். 8 அங்குலக் கல்லும் அரை அங்குலச் சாந்தும் சேர்ந்து வரிசைக்கு எட்டரை அங்குலம். தரையில் நின்றே 7 வரிசை, அதாவது ஏறக்குறைய 5 அடி வைக்கலாம். 4 அடியில் மேடை போட்டால் மீதி 6 வரிசையும் முடிந்து சுவர் 9 அடியைத் தாண்டும். ஒரே மேடை போதும். உள்பக்கமென்றால் மரக் குதிரையே (பலகையைத் தாங்கும் கால் வைத்த மரச் சட்டம்) தாராளம். பலகை இரண்டு சுவருக்குப் போதுமான அளவு இருந்தால், மேசன் ஒன்றில் வேலை செய்யும்போதே கையாட்கள் அடுத்ததைத் தயார் செய்துவிடுவார்கள்.

மேடையில் எத்தனை கல் ஏற்றலாம்?

4 அங்குலக் கெட்டிக் கல் ஒன்றே ஏறக்குறைய 16 கிலோ. 40 கல் அடுக்கினால் 600 கிலோவுக்கு மேல், ஆளும் சாந்தும் வேறு. அரைமணி வேலைக்கு வேண்டியதை மட்டும், கால்களுக்கு நேர் மேலே வையுங்கள். பலகை நடுவில் அடுக்காதீர்கள். பலகை முனை அதைத் தாங்கும் கம்பைத் தாண்டி 6 அங்குலமாவது நீளட்டும். ஓரடிக்கு மேல் நீண்டால் முனையை மிதித்தவுடன் மறுமுனை தூக்கும்.

தும்புக் கயிற்றுக் கட்டு காலையில் இறுக்கம், மதியம் தளர்வு. ஏன்?

தும்பு நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். மழை விட்டு வெயில் எறித்த பின் ஒவ்வொரு முடிச்சையும் அசைத்துப் பார்த்து, ஆப்பு அடித்து இறுக்குங்கள். அன்று கட்டிய பச்சைச் சுவரில் சாரத்தைச் சாய்க்கவே வேண்டாம்.

ஆள் மேலே இருக்கவே சாரத்தைத் தள்ளி நகர்த்தலாமா?

கூடாது. ஆளையும் கல்லையும் இறக்குங்கள். கழற்றும்போது மேலிருந்து கீழ், பலகை முதலில், குறுக்குக் கம்பு கடைசியில்.