பாதியில் நிற்கும் ஏழு கிட்டுகள்: இடைத்தரகரிடம் கொடுக்கும் முன்

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் வசிக்கிறேன். ஐந்து ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகள் (துண்டு துண்டாக வரும் பாகங்களை ஒட்டி, வண்ணம் அடித்துச் செய்யும் சிறு உருவங்கள்) கட்டிவருகிறேன். இப்போது ஏழு கிட்டுகள் பாதியில் நிற்கின்றன: 1/72 அளவில் (அசலில் 72இல் ஒரு பங்கு) நாட் போர் விமானம் இரண்டு, 1/48 மிக்-21, 1/35 செஞ்சூரியன் டாங்கி, 1/24 கார் இரண்டு, 1/700 டைட்டானிக். நாட் விமானம் ஒன்றின் கண்ணாடியில், வண்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி மூன்று மாதம் ஆகிறது. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடவே கூடாது என்கிறார் நண்பர். மாடல் வாங்கி விற்கும் ஒருவர், எல்லாவற்றையும் மொத்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் முன்பணம் கொடுங்கள், முடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்குள் அவர் மறுபடி அழைத்தால் நீங்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவிட்டேன்.

உங்கள் நண்பர் சொல்வது கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போகிறது. மாடல் பசை சாதாரணப் பசையைப் போல இரண்டு துண்டுகளுக்கு நடுவே நின்று பிடித்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று கலக்க வைக்கிறது. கைக்கு ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டது போலத் தோன்றும். உள்ளே இறுக ஒரு நாளாவது வேண்டும். அதற்கு முன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இணைப்பு அப்போது மறைந்துவிடும். வண்ணம் அடித்துப் பத்து நாள் கழித்து அதே இடத்தில் மெல்லிய பள்ளமாகத் திரும்பி வரும். இடைவெளியை நிரப்பப் பூசும் புட்டியும் அப்படித்தான், காயக் காயச் சுருங்கும். எண்ணெய் சார்ந்த எனாமல் வண்ணம் ஐப்பசி மழையில் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். இத்தனை காத்திருப்புக்கு நடுவே கை சும்மா இருக்காது. இரண்டாவது கிட் மேசையில் இருந்தால்தான் முதல் கிட்டை அவசரப்பட்டுக் கெடுக்காமல் இருப்போம்.

எனவே ஒரே நேரத்தில் பல கிட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போதும். ஒன்று பசை வேலையில், ஒன்று வண்ணத்தில், ஒன்று டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட குறிகள்) ஒட்டும் கட்டத்தில். மூன்றும் ஒரே கட்டத்தில் நின்றால் எதுவும் நகராது; உங்கள் ஏழும் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற நான்கையும் பெட்டிக்குள் வையுங்கள். மூடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் "அடுத்து செய்ய வேண்டியது" என்று ஒரே ஒரு வரி எழுதி உள்ளே போடுங்கள். "கடைசியாகச் செய்தது" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அது உதவாது. வண்ணங்களைக் கலந்திருந்தால் எத்தனைக்கு எத்தனை சொட்டு என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.

பாகங்களை, அவை இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முன்கூட்டியே வெட்டி வைக்காதீர்கள். எண் சட்டத்தில்தான் இருக்கிறது, பாகத்தில் இல்லை. உங்களிடம் இருப்பதோ ஒரே மாதிரி இரண்டு நாட். சாம்பல் நிறத் துண்டு ஒன்று தரையில் கிடந்தால் எது எதனுடையது என்று கண்டுபிடிக்க முடியாது. இனிப்புக் கடை தரும் பிளாஸ்டிக் டப்பாக்களை ஒரு கிட்டுக்கு ஒன்று என ஒதுக்கிவிடுங்கள்.

பல கிட் வைத்திருப்பதில் உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு. ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அடிப்பதைவிடக் கழுவத்தான் அதிக நேரம் ஆகிறது. டயர் கறுப்பை எடுத்தால் மூன்று விமானங்களின் டயரையும் இரண்டு கார்களின் டயரையும் ஒரே அமர்வில் முடியுங்கள். அடிப்பூச்சான பிரைமரும் அப்படியே. மழை நாளில் மட்டும் லாக்கர் வண்ணமும் மேட் வார்னிஷும் வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியது போல வெளுத்துவிடும்.

எந்தக் கட்டத்திலும் வேலையை நிறுத்தலாம், பெட்டி பொறுத்துக்கொள்ளும். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தக் கூடாது. நீங்கள் சரியாக அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

மாஸ்கிங் டேப். ஒட்டினால் அந்த வாரமே அடித்து, அடித்த வண்ணம் காய்ந்ததும் உரித்துவிட வேண்டும். நான் கண்ட வரையில் சித்திரை வெயிலில் இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் பசை தாளை விட்டுக் கண்ணாடியோடு உறவாடத் தொடங்கிவிடுகிறது. மாடலுக்கென்றே வரும் மஞ்சள் டேப் கொஞ்சம் பொறுக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் வெள்ளைத் தாள் டேப் பொறுக்காது. மூன்று மாதம் எந்த டேப்புக்கும் அதிகம். என் மேசையில் ஒருமுறை இதே போலச் செய்து, டேப்பை நேராக மேலே இழுத்தேன். விமானியறைக் கண்ணாடியின் சட்டத்தில் அடித்திருந்த வண்ணம் முழுவதும் டேப்போடு ஒரு தோலாக வந்தது. கண்ணாடியில் பழுப்புப் பசை மட்டும் மிஞ்சியது. எனவே மேலே இழுக்காதீர்கள். முதலில் டேப்பின் ஓரத்தில் புதுப் பிளேடு நுனியால் வண்ணத்தை மட்டும் லேசாகக் கீறுங்கள். பிறகு டேப்பைத் தன் மேலேயே மடித்து, கண்ணாடிக்கு ஒட்டினாற்போல, மிக மெதுவாக இழுங்கள். மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சு. கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தின்னரோ நகப்பூச்சு நீக்கியோ தொட்டால் கண்ணாடி அங்கேயே மங்கி வெடிப்பு விடும், திரும்பாது. மெல்லிய கீறல் இருந்தால் வெள்ளைப் பற்பசையைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். கண்ணாடியை உடலோடு ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும். ஃபெவிகுவிக் வகைப் பசையின் ஆவி உள்பக்கம் வெள்ளையாகப் படிந்துவிடும். இதை எல்லாம் இந்த வாரமே செய்யுங்கள், அடுத்த மாதம் வரை தள்ளாதீர்கள்.

செஞ்சூரியனுக்கு ஒரு வார்த்தை. மிருதுவான வினைல் சங்கிலிப் பட்டையைச் சக்கரங்களில் மாட்டிவிட்டுப் பரணில் போடாதீர்கள். சில வினைல்களில் இருக்கும் இளக்கிப்பொருள் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். தனிப் பையில் வையுங்கள்.

இனி அந்த இடைத்தரகர். மொத்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பவர் உங்கள் பாதி விமானத்துக்காக வரவில்லை. டீகால் தாளுக்காக வருகிறார். இந்திய விமானப்படையின் சக்கரக் குறியும் வால் பட்டையும் உள்ள தாள்கள் எளிதில் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பரில் மிக்-21 நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றதிலிருந்து எல்லோருக்கும் அந்த விமானம் வேண்டியிருக்கிறது. பாதி ஒட்டிய உடலை அவர் குப்பையில் போட்டாலும் தாளை விற்றே போட்ட பணத்தை எடுத்துவிடுவார்.

முடித்துத் தருகிறேன் என்பவர் இன்னும் மோசம். என் நண்பர் ஒருவர் இப்படி மூன்று கிட்டுகளைக் கொடுத்தார். முழு முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது மாதம் கழித்து ஒன்று மட்டும் வந்தது. புத்தம் புதிதாக இருந்த டீகால் தாளுக்குப் பதில் வேறு எங்கிருந்தோ எடுத்த மஞ்சளேறிய தாளில் வெட்டிய குறிகள் ஒட்டப்பட்டிருந்தன. நண்பரிடம் ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை, கொடுத்தபோது எடுத்த படம்கூட இல்லை. எங்கே போய் முறையிடுவது? யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் டீகால் தாளை வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடுங்கள். பிரைமர் அடித்த படம் வந்த பிறகு ஒரு பகுதி, வண்ணம் முடிந்த படத்துக்குப் பிறகு இன்னொரு பகுதி என்று பணம் கொடுங்கள். இதற்கு ஒப்பாதவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இவர்களிடம் பழைய கிட் வாங்குவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். "பெட்டி பிரிக்காதது" என்பார்கள். வெளியே பளபளவென்று புது டேப் இருக்கும், உள்ளே சட்டங்கள் வந்த பைகள் கிழிந்திருக்கும். டீகால் தாளையும் எல்லாச் சட்டங்களையும் இன்றைய நாளிதழோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்.

இன்னொரு வலை இருக்கிறது: "வெளிநாட்டிலிருந்து கிஃப்ட் என்று எழுதி அனுப்புகிறேன், சுங்கவரி வராது." இதை இன்றைக்கும் சொல்லி முன்பணம் வாங்குகிறார்கள். தபாலிலும் கூரியரிலும் பரிசாக வரும் பொருளுக்கு இருந்த 5,000 ரூபாய் வரிச்சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. பெட்டியின் மேல் என்ன எழுதினாலும் முழு வரி உண்டு. மதிப்பைக் குறைத்து எழுதியிருந்தால் பெட்டி தொலையும்போது இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கிடைக்கும். அப்போது அனுப்பியவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

மக்கள் ஏன் இவர்களிடம் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 43 வயது மனிதர் பிளேடும் ஏர்பிரஷும் வைத்து மாதக்கணக்கில் செய்யும் வேலையைச் சுங்கத் துறை பொம்மைப் பிரிவில் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவுக்கான அடிப்படை வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமானது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். அந்த ஆணை குழந்தைகள் விளையாடும் பொருளுக்கானது. குழந்தையின் வாயில் நச்சு வண்ணம் போகக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நானூறு துண்டுகளையும் பெட்டியின் மேல் அச்சிட்ட வயதையும் காட்டி, இது குழந்தை விளையாடுவதற்கானது இல்லை என்று ஒரு கவுன்டரில் அரை நாள் நின்று விளக்கியிருக்கிறேன். எதிரே இருந்தவர் நல்லவர்தான். அவர் கையிலிருந்த பட்டியலில் அதற்கு வேறு கட்டம் இல்லை. இந்தக் கட்டத்தைத் திருத்த யாருக்கும் நேரம் இல்லாததால்தான் முன்பணம் வாங்குகிறவர்கள் பிழைக்கிறார்கள்.

இனி எதை முதலில் முடிப்பது? டேப் ஒட்டிய நாட் விமானத்தை. கண்ணாடியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது, அது முதல் காரணம். இரண்டாவது காரணம் நீங்கள் இருக்கும் ஊர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நாட் விமானத்தில் தனியாகப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் 18ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அதே ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கப்பட்டது உங்கள் பக்கத்துச் சூலூரில். பெட்டிக்குள் போக வேண்டிய விமானம் இல்லை அது.

டீகால் தாள் மஞ்சளேறியிருந்தால் கவலைப்படாதீர்கள். ஜிப் பையில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, சில வாரம் வெயில் காட்டுங்கள். மஞ்சள் வெளுத்துவிடும். ஒட்டும் முன் வேண்டாத குறி ஒன்றை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நொறுங்கினால் தாள் முழுவதும் கிளியர் லாக்கர் ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொரு குறியையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. பல கிட்டுகளுக்கு நடுவே தாவுகிறவர்கள் மறப்பது மூக்கு எடையைத்தான். மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தின் முன்பகுதியில் எடை இல்லையென்றால் முடித்து நிறுத்தும்போது வால் தரையில் உட்கார்ந்துவிடும். நாட் உடலை ஏற்கெனவே ஒட்டியிருப்பீர்கள்; உள்ளே எடை போட்டீர்களா என்பது இப்போது நினைவிருக்காது. பின் சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து, உடலை அதன் மேல் நிறுத்துங்கள். மூக்கு தாழ்ந்தால் சரி. வால் தாழ்ந்தால், தூண்டில் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ஈயக் குண்டுகளை மூக்குச் சக்கரக் குழி வழியாக ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, மூக்கு தாழும் வரை சேர்த்து, பசை ஊற்றி நிறுத்துங்கள். கண்ணாடியை அதற்குப் பிறகு ஒட்டுங்கள்.