அத்தனை கண்கள் இருந்த காலம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மேகசின் பேரக்ஸில் பிறந்து, திருமணத்துக்குப் பின் சாட்ஸ்வர்த்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். இப்போது இரண்டு வயதுப் பேரனைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சளி பிடித்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து மார்பில் தடவக் கூடாது, காரில் மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது, குத்துவிளக்கைத் தரையில் ஏற்றி வைக்கக் கூடாது என்று மருமகள் ஒவ்வொன்றுக்கும் தடை சொல்கிறாள். என் ஐந்து பிள்ளைகளும் நன்றாகத்தானே வளர்ந்தார்கள்? நான் வளர்த்த முறை தவறா?
— ஓர் ஆயா, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய உங்கள் வளர்ப்பைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் காத்தது எது என்று சற்று நினைத்துப் பாருங்கள். மேகசின் பேரக்ஸில் டர்பன் மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்தன. ஒரு குழந்தை அடுப்பருகே தவழ்ந்து போனால், பெற்றவள் பார்க்காவிட்டாலும் அடுத்த வீட்டுப் பெரியம்மா பார்த்துத் தூக்கிவிடுவார். 1960களில் நிறவெறி அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் அந்தக் குடும்பங்கள் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டபோது அந்தக் கண்களும் திசைக்கொன்றாகச் சிதறிப்போயின. இன்று பகல் முழுவதும் உங்கள் பேரனைக் காப்பவை உங்கள் இரண்டு கண்கள்தாம். அவை ஒரு நிமிடம் அயர்ந்தாலும் குழந்தைக்குத் தீங்கு நேராதபடி வீட்டை மாற்றி வைக்க வேண்டும் என்பதே மருமகள் கேட்பது.

அன்றும் எல்லாப் பிள்ளைகளும் தப்பிவிடவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. என் தம்பி மூன்று வயதில், குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்திருந்த பாரஃபினை, அதாவது மண்ணெண்ணெயை, தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டான். அவன் தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தவர்கள் அவன்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். பாரஃபின் வயிற்றில் கிடந்து செய்யும் தீங்கைவிட, வாந்தியோடு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிச் செய்யும் தீங்கே பெரிது என்பது அவர்களுக்குத் தெரியாது. பல நாள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தான். கண்டம் தப்பியது என்று எல்லோரும் கோயிலுக்குப் போய் வந்தோம். அந்தப் புட்டி மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் அதே இடத்தில் இருந்தது.

கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் மாறியிருப்பது அந்தப் புட்டியைப் பார்க்கும் பார்வைதான். கனடாவின் விண்ட்சர் நகரில், மாத்திரைகளை விழுங்கிவிட்டு வரும் பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்த ஹென்றி ப்ரோ என்ற குழந்தை மருத்துவர், பெற்றோருக்குப் புத்தி சொல்வதோடு நிற்காமல், உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினால்தான் திறக்கும் மூடி 1967இல் உருவாகக் காரணமாக இருந்தார். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ், பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே அறிந்து தடுக்கக் கூடியவை என்பதால், ‘விபத்து’ என்ற சொல்லையே தன் பக்கங்களில் தவிர்க்கப்போவதாக அறிவித்தது. நாம் விதி என்று சொல்லிவந்த பலவும் இப்படித்தான் ஒரு மூடியாகவும் ஓர் அலமாரியாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் மூன்று கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது கற்பூரம். பூஜைத் தட்டில் வெள்ளையாக, மிட்டாய் போல இருக்கும் அந்தக் கட்டியைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால், சில நிமிடங்களுக்குள்ளேயே வலிப்பு வரக்கூடும். ஏறத்தாழ 1 கிராம் அளவே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. விழுங்கினால்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். மெல்லிய தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். தடவியதாலேயே வலிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கற்பூரத்தைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். உங்கள் கையால் எண்ணெய் தேய்ப்பதை விட வேண்டியதில்லை. வெறும் தேங்காயெண்ணெயே போதும், மருமகளும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். எப்போதாவது குழந்தை கற்பூரத்தையோ பாரஃபினையோ விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், வாந்தியெடுக்க வைக்காமல் 0861 555 777 என்ற நச்சு உதவி எண்ணை உடனே அழையுங்கள். வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் 10177 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை வரவழையுங்கள், கைப்பேசியிலிருந்து 112.

காரில் மடி பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அன்பிலிருந்து வருவது, ஆனால் கைகளுக்கு அந்த வலிமை இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 300 கிலோ போல முன்னே பாயும். நாம் பக்கி என்ற சிறு திறந்த லாரியின் பின்புறத்தில் பத்துப் பிள்ளைகளாக உட்கார்ந்து கடற்கரைக்குப் போன காலம் இனிமையானதுதான். இருந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் 2015 முதல் சொல்கிறது. விளக்கை ஒரு மேடைமேல் ஏற்றி வையுங்கள். வழிபாட்டில் ஒன்றும் குறையாது.

கேள்வி: எட்டு வயது மகன் கொல்லையிலுள்ள மாமரத்தில் ஏறத் துடிக்கிறான். என் மனைவி பயப்படுகிறார். விடலாமா?
— ஒரு தந்தை, வெருலம்

பதில்: விடுங்கள். கற்பூரத்தின் ஆபத்து இரண்டு வயதுக் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது; கிளையின் உயரம் எட்டு வயதுப் பையனுக்குத் தெரியும், அவன் அதை எடைபோட்டுப் பழக வேண்டிய வயதும் இதுதான். ஆனால் மாங்கிளை பச்சையாக இருந்தாலும் முறியக்கூடும். ஆகவே முதல் நாள் நீங்களும் மரத்தடியில் நின்று, கிளையின் நுனிப்பக்கம் போகாமல் அது அடிமரத்தோடு சேரும் இடத்தில் காலை ஊன்றச் சொல்லிக் கொடுங்கள். மரத்தின் கீழே கிடக்கும் கற்களையும் பழைய தகரத்தையும் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். உங்கள் மனைவியையும் கூட நிற்கச் சொல்லுங்கள்; மகன் காலை வைக்குமுன் கிளையை ஒரு முறை அழுத்திப் பார்ப்பதை அவரும் பார்க்கட்டும்.