பிக்கப் பிரேக் கீழே இறங்குகிறதா? பம்பை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: பழைய ஹைலக்ஸ் பிக்கப். பினாங்கில் பாலிக் புலாவிலிருந்து தெலுக் பஹாங் மலைச்சாலையில் டுரியான் ஏற்றிப் போகிறேன். பிரேக் பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது. உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலேயே நிற்கிறது. பட்டறையில், பிரேக் ஆயிலைத் தள்ளும் ‘மாஸ்டர் பம்ப் போச்சு’ என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டாவது மிதியில் மேலே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக்: உள்ளே இருக்கும் சூ என்ற வளைந்த பட்டைகள் விரிந்து, சுற்றும் டிரம்மை அழுத்தும். சூ தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். அதை நிரப்ப ஒரு மிதியில் போகும் ஆயில் போதாது. ஸ்பிரிங் சூவை முழுசாகப் பின்னால் இழுப்பதற்குள் மறுபடி மிதித்தால் பெடல் உயரத்திலேயே பிடிக்கும். பம்ப் கெட்டிருந்தால் அடையாளம் வேறு: இஞ்சின் ஓடும்போது பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். அரை நிமிடத்தில் மெல்ல மெல்லக் கீழே போனால் பம்ப், அல்லது எங்காவது ஒழுக்கு. அப்படியானால் வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துப் போங்கள். பஞ்சை மிதிப்பது போலிருந்தால் பிரேக் குழாயில் காற்று.

ஆகவே முதலில் பின் டிரம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லுங்கள். டிரம்மைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சூ தடிப்பு, சூவைத் தள்ளும் சிலிண்டரின் ரப்பருக்குள் ஈரம், சூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று மூன்றையும் கண்ணால் பாருங்கள். பிறகு டிரம்மை மாட்டி, பின் தகட்டின் ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்குரூடிரைவரால் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருகிச் சக்கரம் இறுகும்வரை கொண்டுவர வேண்டும். அதன்பின் இன்னொரு ஸ்குரூடிரைவரால் பல்சக்கரத்தைத் தடுக்கும் நெம்புகோலைத் தள்ளிப் பிடித்து, உரசல் இல்லாமல் சுற்றும்வரை தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

இங்கேதான் ஏமாற்று வேலை. பல்சக்கரத்தைத் தொடாமல், உள்ளே ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டி ‘சரியாயிடுச்சு’ என்று அனுப்புவார்கள். பெடல் உயர்ந்தது போலத்தான் இருக்கும். கேபிள் எந்நேரமும் சூவை இழுத்துப் பிடித்திருப்பதால் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யாது, டிரம்மும் சூடேறும். இன்னொன்று, இடது வலது அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர். மாற்றிப் போட்டால் சூ நெருங்குவதற்குப் பதில் விலகிக்கொண்டே போகும். சூ புதுசாக இருந்தும் மறுபடி பெடல் இறங்குவதற்கு இது ஒரு காரணம். பழி பம்பின் மேல் விழும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்காதீர்கள், உங்கள் ரோடு அப்படி. நிறுத்தி வைத்துப் பார்த்தால் பெடல் நன்றாக இருக்கிறது, வளைவுகளில் திரும்பி வந்தபின் முதல் மிதி மட்டும் இறங்குகிறது என்றால் டிரம்மில் தேடாதீர்கள். முன் வீல் பேரிங் ஆடினால் திருப்பத்தில் முன் பிரேக்கின் டிஸ்க் சாய்ந்து, அதை அழுத்தும் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை அடைக்கவே செலவாகிறது. ஜாக் போட்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும். பட்டறை வாசலில் நிற்கும் வண்டியில் இது தெரியாது, பேரிங்கை ஆட்டிப் பார்க்கவும் யாருக்கும் பொறுமையில்லை.

சரக்கு வண்டியாகப் பதிந்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனச் சோதனைக்குப் புஸ்பாகாம் போவீர்கள். அங்கே பிரேக் சோதிக்கும் ரோலர் அளப்பது சக்கரத்தின் பிடிப்பை. உங்கள் கால் எவ்வளவு இறங்கியது என்பதை அல்ல. பாஸ் ஆனதால் பெடல் சரி என்று ஆகிவிடாது. ‘நான் பாஸ் பண்ணித் தருகிறேன்’ என்று வரும் இடைத்தரகர் ரன்னருக்குக் கொடுக்கும் காசில் ஒரு ஜோடி சூ வாங்குங்கள்.

கடைசியில் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்க வேண்டி வந்தால் இடது பின் சக்கரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய பம்பில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதி துருப்பிடித்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அங்கே கிழிந்து, நல்ல பம்பும் அன்றைக்கே போய்விடும். அப்போது ஹாஃப்-கட் கடையிலிருந்து, பழைய வண்டியில் கழற்றிய பம்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வேண்டாம், அதன் ரப்பரும் அதே வயதுதான்.