கதைக்கு ஒரு ஆள் வேண்டும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் பின்னேரமானால் எல்லோரும் அரசியல் கதைக்கிறார்கள். எந்தக் கட்சியின் கொள்கை என்ன என்று மட்டும் ஒருவரும் கதைப்பதில்லை. ஏன்?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: 'கதைக்கிறார்கள்' என்று எழுதினீர்களே சகோதரி, பதில் அதிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பேசுவார்கள், நாங்கள் கதைப்போம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. "வாங்கோ, இருந்து கதைப்பம்" என்று ஒருவர் கூப்பிட்டால் எழும்ப மனம் வராது. ஆனால் கதை என்றால் அதற்கு ஒரு ஆள் வேண்டும், அவருக்கு ஒரு எதிரி வேண்டும், நடுவில் ஒரு கட்சித் தாவலும் வேண்டும். சாமான் வாங்கும்போது நாங்கள் கட்டும் வற் வரிக்கு முகம் இல்லை. அதை எப்படிக் கதைப்பது?

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். கோட்டாபய என்ற மனிதரைப் பற்றி இரவிரவாகக் கதைத்தோம். வற் வரியை 8 வீதமாக்குவது அவருடைய விஞ்ஞாபனத்தில் இருந்தது. பத்து வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறுவதும் இருந்தது. டிசம்பரிலேயே வரி 15இலிருந்து 8க்கு இறங்கியது. பத்து வருடம் என்றது 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானியாக வந்து இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானது.

எங்கள் சனத்துக்கு இதெல்லாம் விளங்காது என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2022 கேஸ் வரிசையில் வெறும் சிலிண்டரைக் காலால் உருட்டி உருட்டி நகர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, பின்னால் நின்ற பெடியனுக்கு டொலர் தட்டுப்பாட்டை விளக்கினார்: "கடைக்காரன் இனிக் கொப்பியில எழுத மாட்டன் எண்டிட்டான், தம்பி. காசு வச்சாத்தான் சாமான்." இதைவிடத் தெளிவாக நான் ஒரு ஆசிரியத் தலையங்கமும் எழுதியதில்லை.

என் பழைய சண்டை எங்கள் பத்திரிகைக்காரரோடுதான். தமிழ்க் கட்சிகளில் யார் யாரோடு கூட்டு என்று வாராவாரம் எழுதுகிறோம். வடக்கு மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அப்புறம் மாகாணப் பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலைகளும் ஆளுநரின் கைக்குப் போயின. அது எத்தனை நாள் முதல் பக்கத்தில் வந்தது?

உங்கள் ஒழுங்கையில் வடக்கில் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவாகத்தான் இருக்கும். அங்கே பிள்ளையின் வகுப்புக்குக் கணித ஆசிரியர் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? இன்றைக்குப் பின்னேரம் அதைக் கதையுங்கள்.