உப்பு நிலத்துக்கு ஜிப்சமா? அதுவும் உப்புதானே!

கேள்வி: ஐயா, திருச்சி மணிகண்டம் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வயல். மண் பரிசோதனையில் பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9.2, களர் நிலம், ஜிப்சம் போடுங்கள் என்றார்கள். ஒன்பதாவது படிக்கும் மகளோ, "ஜிப்சமும் ஒரு உப்புதாம்பா" என்கிறாள். உப்பால் கெட்ட மண்ணில் மறுபடி உப்பா?

பதில்: மகள் சொன்னது சரிதான். ஆனால் வேதியியலில் உப்பு என்பது குடும்பப் பெயர். சமையல் உப்பு அதில் ஓர் ஆள். சோடியம் உலோகம். வெளிக்கூட்டில் இருக்கும் ஒற்றை எலெக்ட்ரானை விட்டுவிடும். குளோரின் அலோகம். ஒன்று குறைவதால் அதை வாங்கிக்கொள்ளும். கொடுத்தது நேர் அயனி (நேர் மின்னேற்றம் பெற்ற அணு), வாங்கியது எதிர் அயனி. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தால் சமையல் உப்பு. கால்சியமும் உலோகம்தான், ஆனால் இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுக்கும். ஜிப்சத்தில் அதற்கு ஜோடி, கந்தகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சல்பேட்.

களிமண் துகளின் மேல் எதிர் மின்னேற்றம் உண்டு. களர் நிலத்தில் அங்கே சோடியம் அதிகமாக ஒட்டியிருக்கும். ஒற்றை மின்னேற்றம், பிடிப்பு போதாது. ஈரம் பட்டதும் துகள்கள் பிரிந்து குழம்பாகி, காய்ந்தால் ஓடு போல இறுகும். இரட்டை மின்னேற்றக் கால்சியம் வந்தால் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் துகள்களைச் சேர்த்துக் கட்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி பாட்டிலில் மழைநீர், அதில் ஒரு பிடி வயல் மண், நன்றாகக் குலுக்குங்கள். களர் மண் என்றால் மறுநாளும் டீ போலக் கலங்கியே நிற்கும். ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் குலுக்கினால் மண் திரிதிரியாகத் திரண்டு படியும், மேலே தண்ணீர் தெளியும். மகளையே செய்யச் சொல்லுங்கள்.

வயலில் செய்ய வேண்டியது: ஆய்வக அறிக்கையில் 'ஜிப்சம் தேவை' என்று ஓர் எண் இருக்கும், நெல்லுக்கு அதில் பாதி போதும். வரப்பைக் கட்டி, சீராகத் தூவி, சேறு கலக்கித் தண்ணீரைத் தேக்குங்கள். ஜிப்சம் மெதுவாகத்தான் கரையும், அவசரப்பட வேண்டாம். அப்புறம் அந்தத் தண்ணீரை அவசியம் வடித்துவிடுங்கள். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து அதில்தான் போகும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது காசை வயலில் கொட்டுவது போல. பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டை மடக்கி உழுது, களர் தாங்கும் டிஆர்ஒய் 3 நெல் ரகம் நடலாம்.

கால்சியம்தானே என்று சுண்ணாம்பு போட்டுவிடாதீர்கள், பி.எச். இன்னும் ஏறும்.