'லைடர்' காதில் விழுந்தால் போதும்

கேள்வி: ஜெர்மனியில் ஆஹன் நகரில் படித்த மகன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். நானும் கணவரும் பத்து நாள் போகிறோம். அவன் அறையில் இடமில்லை. பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். பகலில் அவன் இருக்க மாட்டான். அங்கே என்ன வசதி உண்டு, இல்லை என்று ஜெர்மனில் கேட்க நாலு வாக்கியம் சொல்லித் தாருங்களேன். இவருக்கு மூட்டு வலி. விடிந்ததும் வெந்நீர் வேண்டும். ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?
— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நாலு எதற்கு அம்மா, ஒன்று போதும். 'கிப்ட் எஸ் ஐனன்...?' என்றால் 'இருக்கிறதா?' அதன் பின்னால் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெந்நீர்க் கெட்டிலுக்கு 'வாஸர்கோஹர்'. லிப்டுக்கு 'அவுஃப்ட்சூக்'. ஜெர்மனில் இரண்டுமே ஆண்பால், அதனால்தான் 'ஐனன்'. கெட்டில் எப்படி ஆணாயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள்; ஜெர்மன் சொல்லித்தரும் மாக்ஸ்முல்லர் பவன் மாலை வகுப்பில் நானும் கேட்டுப் பார்த்தேன், வாத்தியார் சிரித்தார். கடைசியில் 'பிட்டெ' சேர்த்தால் மரியாதை.

அறையில் கெட்டில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பல ஓட்டல்களில் இருக்காது. லிப்டும் அப்படித்தான், பழைய கட்டடம் என்றால் படிதான். மூட்டு வலிக்காரருக்காக இதை மகனை விட்டு இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேட்பது சுலபம். பதில் மளமளவென்று வந்து விழும்போதுதான் நாம் முழிப்போம். அதில் 'லைடர்' என்ற சொல்லை மட்டும் பிடியுங்கள். 'வருந்துகிறேன்' என்ற மாதிரி. அது வந்தால் இல்லை என்றுதான் அர்த்தம், மிச்சத்தைக் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது மணிக்கணக்கு. உதிரி பாகம் வாங்கும் வேலையாக முதல் தடவை ஸ்டுட்கார்ட் போனபோது, காலை உணவு எத்தனை மணி வரை என்று கேட்டேன். 'பிஸ் ஹல்ப் ட்ஸேன்' என்றார் அந்த அம்மாள். ஹல்ப் அரை, ட்ஸேன் பத்து, ஆக பத்தரை. நிதானமாகக் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பத்து மணிக்கு இறங்கினால் மேசையெல்லாம் துடைத்தாகிவிட்டது. அவர்களுக்கு அது ஒன்பதரை! நாம் ஒன்பதோடு அரையைச் சேர்க்கிறோம். அவர்கள் பத்துக்குப் பாதி வழி வந்தாயிற்று என்கிறார்கள். அன்று பகல் வரை பையில் இருந்த முறுக்குதான். அதிலிருந்து விரலால் கடிகாரத்தைக் காட்டச் சொல்லிவிடுவேன். நீங்களும் வெட்கப்படாமல் காட்டச் சொல்லுங்கள்.

காலை உணவுக்கு 'ஃப்ரூஷ்டுக்'. இரண்டு 'உ'வும் நம் உகரமில்லை. உதட்டை 'உ'வுக்குக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர் என்றால் 'ஓனெ ஐ'. ஆமாம், முட்டைக்கு வெறும் 'ஐ'தான். வைஃபையை 'வேலான்' என்பார்கள்.

சரி, குக்கர். மின்சாரம் நம்மூர் 230 வோல்ட்தான், ஆனால் மூன்று பின் பிளக் அந்தச் சுவரில் நுழையாது. இரண்டு உருண்டைப் பின் உள்ள போன் சார்ஜர் நுழையும். அடாப்டர் வாங்கினாலும் ஓட்டல் அறையில் சமைக்கப் பொதுவாக விடமாட்டார்கள். உத்தரத்தில் புகை உணரும் கருவி வேறு கத்தும். பத்து நாள் என்பதால் எனக்கென்னவோ ஓட்டலே சரியாகப் படவில்லை. முன்பதிவை ரத்து செய்ய முடிந்தால், சமையலறையோடு 'ஃபேரியன்வோனுங்' பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு அது.

அப்படிக் கிடைத்தால் பருப்புப் பொடி கொண்டுபோங்கள், நெய் வேண்டாம். பால் பொருள்களை இங்கிருந்து கையில் எடுத்துப்போக ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியில்லை. அங்கே கடையில் 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று கேளுங்கள். உருக்கிய வெண்ணெய்தான், நம் நெய்யேதான்.