துளையிடும் சேற்றையே சிமென்டாக்க முடியுமா?

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் சுற்றவிடுகிற களிமண் கலவைதான் துளையிடும் சேறு. வேலை முடிந்ததும் மிஞ்சுகிற அந்தச் சேற்றைக் கொட்டாமல், அதையே சிமென்டாக மாற்றி, கிணற்றுக்குள் இறக்கும் இரும்புக் குழாயான கேசிங்குக்கு வெளியே நிரப்ப முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 1990-களின் தொடக்கத்தில் ஷெல் நிறுவனம் செய்தே காட்டியது.

ஆனால் சாதாரண சிமென்டைக் கொட்டிக் கலக்கினால் நடக்காது. இந்தச் சேற்றைக் கவனிக்கும் மட் இன்ஜினியராக இருந்தபோது புதுப் பையன்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுவேன். பெண்டோனைட் என்ற களிமண் கலந்த ஒரு குவளை சேற்றில் கொஞ்சம் சிமென்டைப் போட்டுக் கலக்கச் சொல்வேன். சீக்கிரமே கரண்டி ஓடாது. 'செட் ஆயிடுச்சு சார்' என்பார்கள். எங்கே ஆனது? சிமென்டிலிருந்து வந்த கால்சியம் பட்டுக் களிமண் திரண்டிருக்கிறது, அவ்வளவுதான். சேற்றை இளக்கப் போட்ட லிக்னோசல்போனேட் சிமென்டை இறுக விடாது. மறுநாளும் அது களிதான்.

அதனால்தான் ஷெல்காரர்கள் கசடுக்குப் போனார்கள். இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து மாவாக அரைத்தது. சேற்றோடு சண்டை போடாது. தானாக அவ்வளவு சுலபத்தில் இறுகவும் செய்யாது. காஸ்டிக் சோடா, சோடா ஆஷ் ஆகிய காரங்களைச் சேர்த்தால்தான் விழித்துக்கொள்ளும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு யோசனை. கிணற்றின் சுவரில் சேறு ஒரு தோலாகப் படிந்துவிடும். மட் கேக் என்போம். எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது. சிமென்டுக்கும் பாறைக்கும் நடுவே அது இருந்தால் நாளைக்கு கேஸ் ஏறும் வழி அதுதான். அவர்கள் துளையிடும்போதே சேற்றில் கொஞ்சம் கசடைப் போட்டுவைத்தார்கள். பிறகு காரம் கலந்த கலவை உள்ளே போனதும் அந்தத் தோலும் சேர்ந்து இறுகும். எதிரியையே வேலைக்கு வைத்துக்கொண்ட மாதிரி!

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இது இல்லை? கசடுக் கல் நொறுங்கும் குணம் உள்ளது. காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். எண்ணெய் உள்ளே வருவதற்காகக் கேசிங்கில் துளைபோட வெடி வைக்கும் இடத்தில் இதை நம்பி விட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேல்மட்டக் கேசிங், கைவிடும் கிணற்றுக்கு அடைப்பு என்றால் சரி.

சேற்றைக் கொட்டும் தொல்லை தீருமா என்றால், பாதிகூடத் தீராது. குழாய்க்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடுக்கு கொள்வது கொஞ்சம்தான். தொட்டிகளில் நிற்பது அதைவிட எவ்வளவோ அதிகம். எண்ணெய் அடிப்படைச் சேறு என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். கசடு இறுகத் தண்ணீர் வேண்டும்.